சொல் விளக்கம்: மத்தியஸ்தம்

மத்திய என்றால் நடு, ஸ்த என்றால் நிற்பது. வடமொழியிலிருந்து வந்த மத்தியஸ்தம் என்ற சொல்லின் நேர்ப்பொருள் நடுவில் நிற்றல். இலங்கையில் இது அரசு வழக்கு; சிறு பிணக்குகளைப் பேசித் தீர்க்க அங்கே மத்தியஸ்த சபைகள் உண்டு. தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் சமரச மையம் என்கிறார்கள்.

இதைச் சிலர் 'நடுவர்' என்று தமிழாக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. நடுவர் தீர்ப்புச் சொல்பவர். மத்தியஸ்தருக்கு அந்த அதிகாரம் கிடையாது.

இந்த வேறுபாட்டைக் காட்ட ஓர் எடுத்துக்காட்டு. தென் அமெரிக்காவின் தென்கோடியில் பீகிள் கால்வாய். அங்குள்ள பிக்டன், லெனாக்ஸ், நுயேவா தீவுகளுக்காக அர்ஜென்டினாவும் சிலியும் பல பத்தாண்டுகள் மல்லுக்கு நின்றன. முதலில் நாடியது நடுவர் தீர்ப்பைத்தான். 1977இல் பிரிட்டிஷ் அரசியின் பெயரால் தீர்ப்பு வந்தது: தீவுகள் சிலிக்கு. மறு ஆண்டு ஜனவரியில், அது செல்லாது என்றது அர்ஜென்டினா. டிசம்பரில் போர் மூளும் நிலை. அப்போதுதான் போப் இரண்டாம் ஜான் பால், கர்தினால் அந்தோனியோ சமோரேயை அனுப்பினார். இரு தலைநகரங்களுக்கும் மாறி மாறிப் போய்ப் பேசினார் அவர். 1979 ஜனவரி 8 அன்று, போப்பின் மத்தியஸ்தத்தைக் கோரி இரு நாடுகளும் மான்டிவிடியோவில் கையெழுத்திட்டன.

1980இல் போப் முன்வைத்த யோசனையைச் சிலி ஏற்றது, அர்ஜென்டினா ஏற்கவில்லை. கட்டாயப்படுத்த வழியில்லை, பேச்சு நீண்டது. 1983 பிப்ரவரியில் சமோரே காலமானார். அந்த ஆண்டின் இறுதியில் அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சி விலகி மக்களாட்சி திரும்பியது. 1984 நவம்பர் 29 அன்று வாடிகனில் ஒப்பந்தம் கையெழுத்தானது. தீவுகள் சிலிக்கே போயின! தீர்ப்பாக வந்தபோது உதறியதை, கடற்பரப்பில் தன் பங்கைப் பேசிப் பெற்றபின் அர்ஜென்டினா ஒப்புக்கொண்டது.

மத்தியஸ்தத்துக்குப் பழந்தமிழ் வழக்கு 'சந்து செய்தல்'. உறையூரை முற்றுகையிட்ட நலங்கிள்ளியிடமும் உள்ளே அடைபட்டிருந்த நெடுங்கிள்ளியிடமும், யார் தோற்றாலும் தோற்பது சோழர் குடிதான் என்று கோவூர் கிழார் புறநானூற்றில் சொன்னாரே, அந்த வேலை. ஆனால் சந்து என்றால் இன்று தெருச்சந்துதான் நினைவுக்கு வரும். இலங்கைப் பேச்சுவார்த்தையில் நார்வேயின் பங்கைக் குறித்த 'அனுசரணை' இன்னும் மென்மையானது: பேச வழிசெய்து உடனிருப்பது, அவ்வளவே.

என் தேர்வு 'இடைநின்று இணக்குதல்'. செய்பவர் இணக்குநர். சற்று நீளம்தான், ஆனால் இணங்க வேண்டியவர்கள் இரு தரப்பாரே என்பது அதில் மறையவில்லை.