உங்கள் ரெக்கார்டரின் பகா எண் யாருடையது?

கும்பகோணம், மன்னார்குடி பக்கம் நெல் அரவை மில்களுக்கும் நகைக்கடைகளுக்கும் கேமரா, ரௌட்டர் மாட்டிக் கொடுப்பது என் தொழில். இப்போது பலரும் பாஸ்வேர்டை மாற்றிக்கொள்கிறார்கள், சந்தோஷம். ஆனால் கேமரா படத்தைப் பதிவு செய்யும் ரெக்கார்டர் பெட்டிக்குள் இருக்கும் பகா எண்ணைப் (ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் எண்) பற்றி யாரும் கேட்பதில்லை.

செல்போனில் கேமரா பார்க்கும்போது பெட்டிக்கும் போனுக்கும் நடுவே ஓடும் தகவலைப் பிறர் ஒட்டுக்கேட்காமல் இருக்க, பல கருவிகள் ஆர்எஸ்ஏ என்ற பூட்டு முறையை நம்புகின்றன. 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் உருவாக்கிய முறை. இரண்டு பெரிய பகா எண்களை மறைத்து வைத்துக்கொண்டு, அவற்றின் பெருக்கற்பலனை ஊருக்கே காட்டலாம்; அதை வைத்து அந்த இரண்டையும் கண்டுபிடிப்பது, அதாவது காரணிப்படுத்துவது, அவ்வளவு கடினம். 2048 பிட் (இரும இலக்கம்) நீளமுள்ள சாவியில் அந்தப் பெருக்கற்பலன் 617 இலக்கம். 2020-இல் 250 இலக்க எண் ஒன்றைக் காரணிப்படுத்தியதே சாதனையாகப் பேசப்பட்டது.

இத்தனை பெரிய பகா எண்களுக்குப் பஞ்சமும் இல்லை. அந்த அளவில் சராசரியாக 710 எண்களுக்கு ஒன்று பகா எண். கருவி ஏதோ ஒரு ஒற்றைப்படை எண்ணை எடுத்து, அது பகா எண்தானா என்று சோதிக்கும், தேறாவிட்டால் வேறொன்று. (சோதனையை ஏமாற்றும் எண்களும் உண்டு. நம்ம கும்பகோணத்து ராமானுஜனோடு சேர்த்துச் சொல்லப்படும் 1729 அப்படி ஒன்று. 7×13×19 என்று உடையும், ஆனாலும் ஃபெர்மா சோதனை என்ற எளிய சோதனையில் பகா எண் போலவே நடிக்கும். அதனால்தான் அதைவிடக் கறாரான மில்லர்-ராபின் சோதனை.)

சிக்கல், அந்த 'ஏதோ ஒரு' எண்ணில் இருக்கிறது. புதுப் பெட்டிக்கு முதன்முதலாகக் கரண்ட் கொடுக்கிறோம். கீபோர்டு இல்லை, மவுஸ் இல்லை, கடிகாரம்கூடப் பல பெட்டிகளில் 1970 ஜனவரி 1 என்றே காட்டும். யாரும் ஊகிக்க முடியாத எண்ணை எடுக்கத் தேவையான தற்செயலுக்கு அது எங்கே போகும்? ஒரே மாடல் பெட்டிகள் இரண்டு, ஒரே பகா எண்ணை எடுத்துவிடலாம்.

எடுத்தால் என்ன ஆகும்? ஒன்றின் பெருக்கற்பலன் 8633, மற்றதன் 8989 என்று வையுங்கள். கழித்தால் 356. 8633-ஐ 356-ஆல் வகுத்தால் மீதி 89. 356-ஐ 89 மீதியின்றி வகுக்கிறது. பள்ளியில் படித்த மீப்பெரு பொது வகுத்திதான்! 89×97, 89×101 என்று இரண்டு பூட்டும் திறந்துவிட்டன. 617 இலக்க எண்களுக்கும் கணினி இதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் செய்துவிடும். 2012-இல் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் நாடியா ஹெனிங்கரின் குழு இணையம் முழுக்க இப்படி அலசி, டிஎல்எஸ் (இணையத் தகவலைப் பூட்டி அனுப்பும் முறை) பேசும் கருவிகளில் 0.5 சதவீதத்தின் ரகசியச் சாவியை எடுத்துக் காட்டியது. ரௌட்டர், ஃபயர்வால் (வெளியாட்களைத் தடுக்கும் கருவி) போன்ற பெட்டிகளே அதிகம் சிக்கின.

"படம் தெளிவா தெரியுதே, அப்புறம் எதுக்கு இதெல்லாம்?" என்பார்கள். சரி, வேலை கொஞ்சம்தான். ஃபர்ம்வேரை (பெட்டிக்குள் ஓடும் மென்பொருள்) புதுப்பியுங்கள். பெட்டி சிறிது நேரம் ஓடிய பிறகு, மெனுவில் சான்றிதழை (சர்டிஃபிகேட்), அதன் சாவியோடு சேர்த்து, புதிதாக உருவாக்கச் சொல்லுங்கள். தொழிற்சாலையிலிருந்து வந்த சாவியை அப்படியே விடவேண்டாம். அந்த வசதியே இல்லாத பழைய பெட்டியா? வெளி இணையத்திலிருந்து பெட்டிக்கு வழிவிடும் ரௌட்டர் அமைப்பான போர்ட் ஃபார்வர்டிங்கை நிறுத்திவிடுங்கள், மில்லுக்குள் மட்டும் ஓடட்டும்.