உடம்பு குளிர்ந்த பிறகும் அணையாத சூடு

ஆத்தூர்ப் பக்கம் ஒரு ஜவ்வரிசி மில்லில் என் சித்தப்பா பல வருடம் களத்து வேலை பார்த்தார். குச்சிக்கிழங்கு மாவில் உருட்டிய ஜவ்வரிசியைச் சிமெண்டுக் களத்தில் பரப்பி, பலகையால் தள்ளித் தள்ளிக் காயவைக்க வேண்டும். மேலே வெயில், காலுக்குக் கீழே கொதிக்கும் சிமெண்ட். ஒரு சித்திரை மதியம் நான் சோறு கொண்டுபோனபோது, காய்ந்துபோன இடத்தையே அவர் திரும்பத் திரும்பத் தள்ளிக்கொண்டிருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. "சித்தப்பா, நிழலுக்கு வாங்க" என்றேன். என்னை உற்றுப் பார்த்து, "யாரு நீ?" என்றார்.

அதுதான் ஹீட் ஸ்ட்ரோக். உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, மூளை தடுமாறத் தொடங்கும் நிலை. வியர்வை நின்றால்தான் ஆபத்து என்று பலரும் நம்புகிறார்கள். உழைத்துக்கொண்டிருப்பவருக்கு வியர்வை வழியும்போதே இது வரும்.

களத்து ஆட்கள் தொட்டித் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றினார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் சூடு இறங்கிவிட்டது, பேச்சும் தெளிந்தது. ஆனால் மூன்றாம் நாள் அவர் கண்கள் மஞ்சளாயின. கல்லீரல் அடிபட்டிருந்தது. சூடுதான் அன்றைக்கே இறங்கிவிட்டதே, அப்புறம் எப்படி? அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை.

பதில் குடலில் தொடங்குகிறது. வெயிலில் உடம்பு தன்னைக் குளிர்விக்க, இரத்தத்தைத் தோலுக்குத் திருப்பிவிடுகிறது. அந்த அளவுக்குக் குடலுக்குப் போகும் இரத்தம் குறைகிறது. குடல்சுவரின் செல்கள் செங்கல் அடுக்கியதுபோல நெருக்கமாக ஒட்டியிருப்பவை. இரத்தமும் இல்லாமல், சூடும் தாங்காமல், அந்த ஒட்டு விடுகிறது. குடலில் வாழும் பாக்டீரியாக்களின் மேலுறைத் துணுக்குகள், அதாவது எண்டோடாக்சின், இடுக்கு வழியாக இரத்தத்தில் கலக்கின்றன. வழக்கமாக அவற்றை வடிகட்டுவது கல்லீரல். அதுவும் அப்போது வெந்துகொண்டிருக்கிறது.

கிருமிகளை விழுங்கும் நம் வெள்ளையணுக்களின் மேல் டிஎல்ஆர்-4 என்ற உணரி இருக்கிறது. எண்டோடாக்சினை மோப்பம் பிடிப்பது அதன் வேலை. அதைக் கண்டறிந்த புரூஸ் பாய்ட்லருக்கு 2011இன் மருத்துவ நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அது தூண்டப்பட்டதும் செல்லுக்குள் என்எஃப்-கப்பா-பி என்ற புரதம் மரபணுக்களை முடுக்கிவிட, டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6 போன்ற அழற்சித் தூதுகள் வெளியே கொட்டுகின்றன. அழற்சி என்பது கிருமிக்கும் காயத்துக்கும் எதிராக உடம்பு காட்டும் தற்காப்பு. உண்மையில் கிருமி படையெடுத்து வரவில்லை. உடம்புக்கு அது தெரியாது. போருக்குக் கிளம்பிவிடுகிறது.

இதோடு நிற்பதில்லை. சூட்டில் சாகும் செல்கள் தங்கள் உள்ளிருப்பைக் கொட்டுகின்றன, அதுவும் அபாயச் சைகையாகிறது. 2022இல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் ஆச்சரியமானது. வைரஸை உணரும் இசட்பிபி-1 என்ற புரதம் கடும் வெப்பத்திலும் விழித்து, செல்லைத் தற்கொலைக்குத் தள்ளுகிறது. அந்தப் புரதம் இல்லாத எலிகளுக்குப் பாதிப்பு வெகுவாகக் குறைந்தது. கொல்வது வெப்பம் மட்டும் அல்ல, அதற்கு உடம்பு எழுதும் பதிலும்தான் என்று எனக்குப் புரிந்தது இங்கேதான்.

அழற்சி இரத்தக் குழாய்களின் உட்சுவரையும் கிளறிவிடும். நுண்குழாய்களில் சின்னச் சின்னதாக இரத்தம் உறையும். உறைய வைக்கும் பொருட்கள் தீர்ந்துபோய், வேறிடத்தில் இரத்தம் கசியும். கல்லீரலும் சிறுநீரகமும் இரண்டு மூன்று நாள் கழித்துத் தளர்வது இப்படித்தான்.

பாராசிட்டமால் கொடுக்கலாமே என்பார்கள். வேண்டாம். காய்ச்சலில் மூளையே வெப்ப அளவை ஏற்றி வைக்கிறது, மாத்திரை அதை இறக்கும். இங்கே மூளை எதையும் ஏற்றவில்லை. மாத்திரை வீண், அடிபட்ட கல்லீரலுக்குப் பாரமும்கூட.

ஏற்காட்டுக் குளிரில் பழகியவர் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்து, மறுநாளே சேலத்து வெயிலில் மண்வெட்டி பிடித்தால் ஆபத்து அதிகம். உடம்பு வெப்பத்துக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். செல்களைக் காக்கும் வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் பெருகுவதும் அந்த நாட்களில்தான்.

யாராவது தடுமாறினால் 108ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை காத்திருக்காமல் தண்ணீரை ஊற்றுங்கள், விசிறுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். முதல் அரை மணிக்குள் சூடு இறங்கினால் அழற்சி அவ்வளவு தூரம் பரவாது. தெளிந்து உட்கார்ந்துவிட்டாலும் வீட்டுக்குக் கூட்டிப்போகாமல் ஆஸ்பத்திரியில் சேருங்கள். சித்தப்பாவுக்கு தினமும் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கண்ணின் மஞ்சள் வடிய இரண்டு வாரமானது.