க்ளையன்ட் மாறும்போது ஐஆர்35: வரி யார் தலையில் விழும்?

பிரிட்டனில் சொந்த லிமிடெட் கம்பெனி வைத்து ஐடி கான்ட்ராக்ட் செய்பவர்களிடம் டே ரேட்டை (ஒரு நாள் கட்டணத்தை) கேட்ட கையோடு கேட்கப்படும் கேள்வி, "இன்சைடா, அவுட்சைடா?" அதாவது, ஐஆர்35 என்ற வரி விதிக்குள் வருகிறதா, வெளியிலா என்று. பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) கிடைத்ததும் நிரந்தர வேலையை விட்டுக் கான்ட்ராக்டுக்கு வரும் நம்மவர்கள் பலரும் இதற்கான பதிலை ஏஜென்சி விளம்பரத்திலேயே தேடுகிறார்கள். க்ளையன்ட் மாறும்போது அதைவிட முக்கியமான கேள்வி வேறு: பின்னால் பிரிட்டன் வரித்துறையான எச்எம்ஆர்சி வந்து "இது தப்பு" என்றால், பாக்கி வரியை யார் கட்டுவது?

முதலில் அடிப்படை. ஐஆர்35 விதி 1999 மார்ச்சில் அறிவிக்கப்பட்டு, 2000 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. வெள்ளிக்கிழமை ராஜினாமா செய்துவிட்டு, திங்கட்கிழமை தன் கம்பெனியின் பெயரில் அதே நாற்காலியில் வந்து உட்காருபவர்களைக் குறிவைத்து வந்த விதி இது. நடுவில் இருக்கும் கம்பெனியை மறந்துவிட்டுப் பார்த்தால் அவர் க்ளையன்ட்டின் ஊழியர் போலவே இருக்கிறாரா? ஆம் என்றால் இன்சைடு. ஊழியர் கட்டும் வருமான வரியும் தேசியக் காப்பீடும் கட்டியாக வேண்டும். வேலையை எப்படிச் செய்வது என்று யார் தீர்மானிக்கிறார், உங்களுக்குப் பதில் இன்னொருவரை அனுப்ப முடியுமா, வேலை கொடுக்கவும் ஏற்கவும் இரு பக்கமும் கடமை உண்டா என்பவைதான் முக்கிய அளவுகோல்கள். 1968ஆம் ஆண்டு ரெடி மிக்ஸ்டு கான்கிரீட் வழக்கிலிருந்து இவை வருகின்றன.

இன்சைடு, அவுட்சைடு என்பது ஆளைப் பொறுத்ததல்ல, ஒவ்வொரு வேலையையும் பொறுத்தது. ஒரே வாரத்தில் இரண்டு க்ளையன்ட்டுகளுக்கு வேலை செய்தால் ஒன்று இன்சைடாகவும் மற்றது அவுட்சைடாகவும் இருக்கலாம். போன இடத்தில் அவுட்சைடாக இருந்தது புதிய இடத்தில் செல்லுபடியாகாது. அதேபோல், ஒரே க்ளையன்ட்டிடம் 24 மாதம் தாண்டினால் இன்சைடு ஆகிவிடும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. அந்த 24 மாத விதி பயணச் செலவைக் கம்பெனிக் கணக்கில் காட்டுவது பற்றியது. ஐஆர்35க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் வருடக்கணக்கில் ஒரே இடத்தில் இருந்தால் விடுப்பைச் சொல்லிக் கேட்பது, அணியை நிர்வகிப்பது என்று ஊழியர் பழக்கங்கள் ஒட்டிக்கொள்ளும். ஆபத்து அதில்தான்.

சரி, முடிவெடுப்பது யார்? 2021 ஏப்ரல் 6 முதல் தனியார் துறையில் நடுத்தர, பெரிய நிறுவனமாக இருந்தால் க்ளையன்ட்தான் முடிவெடுக்க வேண்டும். அரசுத் துறையில் இது 2017 ஏப்ரலிலேயே வந்துவிட்டது. காரணங்களோடு 'ஸ்டேட்டஸ் டிட்டர்மினேஷன் ஸ்டேட்மென்ட்' என்ற முடிவறிக்கையையும் க்ளையன்ட் தர வேண்டும். இன்சைடு என்றால் உங்கள் கம்பெனிக்குப் பணம் கொடுப்பவர், பெரும்பாலும் ஏஜென்சி, வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார். முடிவு தவறு என்று பின்னால் தெரிந்தால் பொறுப்பு பொதுவாக க்ளையன்ட் அல்லது ஏஜென்சி பக்கம். க்ளையன்ட் சிறிய நிறுவனம் என்றால் கதையே வேறு. அங்கே பழைய விதிதான்: முடிவும் உங்கள் கம்பெனியுடையது, தப்பானால் பாக்கியும் உங்கள் கம்பெனியுடையது. எச்எம்ஆர்சி சாதாரணமாக 4 ஆண்டு, கவனக்குறைவு என்றால் 6 ஆண்டு, வேண்டுமென்றே செய்தது என்றால் 20 ஆண்டு பின்னோக்கிப் போகலாம்.

அதனால் புதிய இடத்துக்குப் போகுமுன் க்ளையன்ட் எந்த அளவு நிறுவனம் என்று கேளுங்கள். எழுத்தில் கேட்டால் 45 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டிய கடமை அவர்களுக்கு உண்டு. 'அவுட்சைடு' என்று விளம்பரத்தில் போட்டிருப்பது முடிவறிக்கை ஆகாது. சட்டப்படி அறிக்கை முதல் பணம் தருவதற்கு முன் வந்தால் போதும். ஆனால் இப்போதைய வேலைக்கு நோட்டீஸ் கொடுப்பதற்கு முன்பே அதைக் கையில் வாங்குவதுதான் புத்திசாலித்தனம். பின்னால் வரி வந்தால் அதை உங்கள் கம்பெனியே ஈடுகட்ட வேண்டும் என்ற இன்டெம்னிட்டி (ஈட்டுறுதி) வாசகம் ஒப்பந்தத்தில் ஒளிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சட்டம் அவர்கள் மேல் வைத்த சுமையை ஒப்பந்தம் உங்கள் பக்கம் நகர்த்திவிடும்.

அதிகம் குழப்புவது, அதே க்ளையன்ட்டிடமே தொடரும்போது முத்திரை மட்டும் மாறுவது. நேற்றுவரை அவுட்சைடு, இன்றுமுதல் இன்சைடு, வேலை அதேதான். அப்படியானால் பழைய ஆண்டுகளும் இன்சைடுதானே என்று எச்எம்ஆர்சி கேட்காதா? 2021 மாற்றத்தின்போது இந்தப் பயத்தில் பலர் க்ளையன்ட்டை விட்டே விலகினார்கள். இந்த மாற்றத்தால் கிடைக்கும் தகவலை வைத்து 2021 ஏப்ரலுக்கு முந்தைய ஆண்டுகளில் புது விசாரணை தொடங்க மாட்டோம், மோசடி சந்தேகம் இருந்தால் தவிர, என்று எச்எம்ஆர்சி உறுதி சொன்னது. ஆனால் சிறிய க்ளையன்ட் வளர்ந்து நடுத்தர நிறுவனமானாலோ, பெரிய நிறுவனம் அதை வாங்கினாலோ, அந்த உறுதி 2021க்குப் பிந்தைய ஆண்டுகளைக் காப்பாற்றாது. அங்கே 'இன்சைடு' அறிக்கை வந்தால், நீங்களே அவுட்சைடு என்று முடிவெடுத்த ஆண்டுகளுக்கு எதிரான சாட்சி போல அது நிற்கும். அப்போது வேலை முறை உண்மையில் என்ன மாறியது என்பதை எழுதி வைத்திருப்பது உதவும். ஒன்றும் மாறவில்லை என்றால், இன்சைடில் தொடர்வதைவிட விலகுவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

முடிவு பிடிக்கவில்லை என்றால் க்ளையன்ட்டிடம் ஆட்சேபம் சொல்லலாம். 45 நாளில் பதில் வர வேண்டும். ஆனால் தீர்ப்பு சொல்வதும் அதே க்ளையன்ட்தான், அதனால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

இன்சைடு வேலைகள் பல, அம்ப்ரெல்லா நிறுவனம் (கான்ட்ராக்டரைத் தன் ஊழியராக வைத்துச் சம்பளம் தரும் இடை நிறுவனம்) வழியாகத்தான் வரும். அங்கே டே ரேட்டைச் சம்பளம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நாளுக்கு 500 பவுண்டு, 220 நாள் என்றால் 1,10,000. அதிலிருந்தே முதலாளி கட்டும் 15% தேசியக் காப்பீடும் 0.5% பயிற்சி வரியும் போக, சம்பளமாகக் கணக்கில் வருவது சுமார் 95,900. அம்ப்ரெல்லாவின் கட்டணமும் உங்கள் சொந்த வரியும் அதற்கு அப்புறம். விடுப்புச் சம்பளமும் பெரும்பாலும் இந்தத் தொகைக்குள்தான் அடக்கம். ஆகவே இன்சைடுக்கு மாறும்போது ரேட்டை உயர்த்திக் கேட்பது பேராசை இல்லை. 85% கைக்கு வரும், மீதி கடனாக வரும் என்று ஒருவர் ஆசை காட்டினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அந்த வகைக் கடன் திட்டங்களில் சேர்ந்தவர்களைத்தான் லோன் சார்ஜ் (அந்தக் கடன்களை வருமானமாகக் கருதிப் போட்ட வரி) பிடித்தது.

அம்ப்ரெல்லாவுக்குப் போனதும் சும்மா கிடக்கும் கம்பெனியை மூடிவிடலாமா? பங்குதாரருக்குப் பிரித்துக் கொடுக்கும் தொகை 25,000 பவுண்டுக்குள் என்றால் சாதாரணமாக மூடியே அதை மூலதன ஆதாயமாகக் காட்டலாம். அதற்கு மேல் என்றால் முறைப்படி லிக்விடேட்டரை (கம்பெனியைக் கலைத்துக் கணக்கு முடிப்பவரை) அமர்த்த வேண்டும். தகுதி இருந்தால் சலுகை வரி, 2025 ஏப்ரல் 6 முதல் 14%, 2026 ஏப்ரல் 6 முதல் 18%. ஆனால் பணத்தை எடுத்த 2 ஆண்டுக்குள் புதுக் கம்பெனி திறந்து அதே மாதிரித் தொழிலுக்குத் திரும்பினால், வரி குறைப்பதே முக்கிய நோக்கம் என்று எச்எம்ஆர்சி கருதினால், அந்தப் பணம் டிவிடெண்ட் போலவே வருமான வரிக்கு உட்படும். ஓராண்டில் அவுட்சைடு வேலை மறுபடி கிடைக்கும் என்று தோன்றினால் கம்பெனியை மூடாமல் டார்மன்டாக (செயல்படாத நிலையில்) வைத்திருக்கலாம். ஆண்டுக் கணக்கையும் கம்பெனி விவரங்களை உறுதிசெய்யும் கன்ஃபர்மேஷன் ஸ்டேட்மென்ட்டையும் கம்பெனிப் பதிவகமான கம்பெனீஸ் ஹவுசுக்குத் தவறாமல் அனுப்பிக்கொண்டிருக்க வேண்டும்.