வாய்ப்புண் வரும் நாள் தெரியும், யாருக்குக் கடுமை?

புற்றுநோய்க்குக் கீமோ மருந்து ஏற்றிய நான்காம், ஐந்தாம் நாளில் வாய் எரியத் தொடங்கும். கன்னத்தின் உட்புறமும் நாக்கின் ஓரமும் சிவந்து, அடுத்த வாரத்தில் புண்ணாகும். இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலும் ஆறிவிடும். இந்த நாள்கணக்கு அதிகம் பிசகுவதில்லை. ஆனால் ஒரே மருந்தை ஒரே அளவில் ஏற்றிக்கொண்ட இருவரில் ஒருவர் லேசான எரிச்சலோடு தப்பிக்கிறார், இன்னொருவருக்கு எச்சில் விழுங்குவதே பெரும்பாடாகிறது. கணிக்கக் கடினமானது இதுதான்.

வாயின் உட்தோல் ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை புதிதாகிவிடும். வேகமாகப் பெருகும் செல்லைத் தேடிப்போகும் மருந்து, அது புற்றா நாக்கா என்று பார்ப்பதில்லை. அடியிலிருந்து புதுச் செல் வருவது நிற்கிறது. மேலே தேய்வது மட்டும் நிற்பதில்லை. போதாக்குறைக்கு, அடிபட்ட செல்கள் கிளப்பிவிடும் அழற்சிப் புரதங்கள் அக்கம்பக்கத்துச் செல்களையும் சாய்க்கின்றன. முதல் சில நாள் கண்ணாடியில் பார்த்தால் வாய் நன்றாகத்தான் இருக்கும். சேதம் அதற்குள் பாதி நடந்து முடிந்திருக்கும்.

சரி, ஆளுக்கு ஆள் ஏன் மாறுகிறது? மருந்து உடலில் எவ்வளவு நேரம் தங்குகிறது என்பது ஒரு முக்கியக் காரணம். 5-ஃப்ளூரோயூராசில் என்ற மருந்தில் 80 சதவீதத்துக்கும் மேல் சிதைப்பது டிபிடி என்ற நொதி. இதற்கான மரபணுவில் பிசகு உள்ளவர்களுக்கு வழக்கமான டோஸே மிகை டோஸ் ஆகிவிடும். சிகிச்சைக்கு முன்பே ரத்தப் பரிசோதனையில் இதைக் கண்டுபிடித்து டோஸைக் குறைக்கலாம். ஐரோப்பிய மருந்து முகமை 2020 முதல் இதைப் பரிந்துரைக்கிறது. மெத்தோட்ரெக்சேட் என்ற இன்னொரு கீமோ மருந்து என்றால் சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும். அது மந்தமானால் மருந்து வெளியேறாமல் தங்கிவிடும்.

தலை, கழுத்துப் பகுதிக்குக் கதிர்வீச்சு என்றால் கேள்வியே மாறிவிடுகிறது. அங்கே ஓரளவு புண் ஏறக்குறைய எல்லாருக்கும் வரும். வழக்கமாக நாளுக்கு 2 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு), வாரத்துக்கு ஐந்து நாள், ஆறேழு வாரம். மூன்றாவது வாரத்தில் மொத்தம் 30 கிரேயை நெருங்கும்போது புண் தலைகாட்டும். உலக சுகாதார நிறுவனத்தின் வாய்ப்புண் அளவுகோலில் 3 என்றால் திரவ உணவு மட்டுமே இறங்கும்; 4 என்றால் வாய்வழியாக எதுவும் முடியாது. இந்த இரண்டில் சிக்கப்போவது யார் என்பதைத்தான் கணினி மாதிரிகள் தேடுகின்றன. வாயின் எந்த இடத்துக்கு எத்தனை கிரே என்ற வரைபடம் சிகிச்சைத் திட்டத்திலேயே இருக்கிறது. அதோடு, கூடவே கீமோவும் உண்டா, புகைப்பழக்கம், பல்லின் நிலை எல்லாம் சேரும்.

இந்த மாதிரிகளை நான் முழுதாக நம்பிவிட மாட்டேன். ஒரு மருத்துவர் 2 என்று குறிக்கும் புண்ணை இன்னொருவர் 3 என்பார். குறிப்பே ஆடினால், அதிலிருந்து கற்ற கணிப்பும் ஆடத்தான் செய்யும்.

எல்லாவற்றுக்கும் கணிப்பு தேவையும் இல்லை. 5-ஃப்ளூரோயூராசிலை ஒரே மூச்சில் ஊசியாகப் போடும்போது அரை மணி நேரம் ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொண்டால் ரத்தக் குழாய்கள் சுருங்கி, அங்கே மருந்து குறைவாகப் போகும். ரத்தத்தில் அது சில நிமிடங்களிலேயே பாதியாகக் குறைந்துவிடுவதால் அந்த அரை மணி நேரம் போதும். செலவும் இல்லை, யாருக்கு என்று பார்க்காமல் கொடுக்கலாம். விழுங்க முடியாதவருக்கு வயிற்றில் உணவு செலுத்தும் குழாய் பொருத்துவது அப்படியல்ல. தேவைப்படாதவருக்குப் பொருத்தினால் வீண் வலியும் தொற்று அபாயமும்தான். தேவைப்படுபவருக்குத் தாமதித்தால் எடை குறைந்து கதிர்வீச்சையே நிறுத்த நேரிடலாம்.