லோக்கூர் பாதையில் மான்கள் அடிபடுவது யார் தவறு?

சேலம்–ஜோலார்பேட்டை ரயில்பாதையில், பொம்மிடிக்கும் டேனிஷ்பேட்டைக்கும் நடுவே, லோக்கூர் காட்டை ஒட்டி மறுபடியும் ஒரு மான் ரயிலில் அடிபட்டுச் செத்திருக்கிறது. பிரேதப் பரிசோதனை முடித்துக் கை கழுவும்போது அதே பேச்சுதான்: "டிரைவர் பிரேக் போட்டிருக்கலாம். ஹாரனாவது அடித்திருக்கலாம்."

கால்நடை மருத்துவராக இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில், அவசர பிரேக் பிடித்தாலும் நிற்பதற்குள் முக்கால் கிலோமீட்டராவது ஓடிவிடும். இரவில், அதுவும் வளைவில், மான் கண்ணில் படும்போதே காலம் கடந்திருக்கும். சரி, ஹாரன்? மலையை வெட்டிப் போட்ட பாதையில் சத்தம் இரண்டு பக்கமும் மோதி எதிரொலிக்கும். ஆபத்து எந்தத் திசையிலிருந்து வருகிறது என்றே விலங்குக்குத் தெரியாது. பக்கவாட்டில் ஏற வழியில்லாமல் தண்டவாளத்திலேயே ரயிலுக்கு முன்னால் ஓடும். இல்லாவிட்டால் விளக்கு வெளிச்சத்தில் கண் கூசி அப்படியே நின்றுவிடும். லோகோ பைலட்டைத் திட்டி ஒரு மானைக்கூடக் காப்பாற்ற முடியாது.

மான் ஏன் தண்டவாளத்துக்கு வந்தது என்று கேளுங்கள். சேர்வராயன் மலை அடிவாரத்து ஓடைகள் பங்குனியிலேயே வற்றிவிடுகின்றன. ரயில்பாதைக்கு அடியில் உள்ள சிறுபாலங்களில்தான் கொஞ்சம் தண்ணீர் தேங்கிக் கிடக்கும். கோடை மழை பெய்தால் கரையோரம் இளம்புல் முளைக்கும். சரக்கு வேகன்களிலிருந்து தானியம் சிந்தும். போதாததற்கு, ஜன்னல் வழியாக நாம் வீசும் சாப்பாட்டுப் பொட்டலங்கள். மயிலும் காட்டுப்பன்றியும் இதற்காகவே வருகின்றன. மான் போல அசைபோடும் விலங்குகளுக்கு இன்னொரு கேடும் உண்டு: தானியத்தை அளவுக்கு மீறித் தின்றால் இரைப்பையில் அமிலம் ஏறி, சோர்ந்து தள்ளாடும். அந்த நிலையில் எந்த மான் ரயிலுக்கு விலகும்?

ரயிலில் போகிறவர்களே, மிச்சச் சோற்றை வெளியே வீசாதீர்கள். கைகூப்பிக் கேட்கிறேன். சிந்திய தானியத்தை அன்றே அள்ள வேண்டும். வளைவுகளில் பார்வையை மறைக்கும் உண்ணிச்செடியை வெட்ட வேண்டும். தண்ணீர்த் தொட்டிகளைத் தண்டவாளத்திலிருந்து தள்ளி, காட்டுக்குள் வைத்து, மாசி முடிவதற்குள் நிரப்ப வேண்டும்.

அப்புறம், அடிபட்ட மானைச் சுற்றி நின்று செல்போனில் படம் எடுக்காதீர்கள். காயத்தில் சாகாத மான்கூடப் பயத்தில் செத்துவிடும். தண்ணீர் புகட்டவும் வேண்டாம், புரையேறிவிடும். தள்ளி நின்று, சத்தம் போடாமல், வனத்துறைக்குச் சொல்லுங்கள். ரயிலிலிருந்து பார்த்தால் ரயில்வே உதவி எண் 139-க்கு அழைத்து, எந்த இரண்டு நிலையங்களுக்கு நடுவே என்பதையும் சொல்லுங்கள்.