மெமரி கார்டு ஸ்லாட்டில் வைஃபை நுழைந்த கதை

"என்னிடம் பழைய கையடக்கக் கணினி ஒன்று இருக்கிறது. எஸ்டி கார்டு ஸ்லாட் உண்டு. அதே அளவில் ஒரு வைஃபை கார்டு கிடைத்தது. கச்சிதமாக உள்ளே போய் உட்காருகிறது, ஆனால் கருவி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. மெமரி கார்டு மட்டும் நன்றாக வேலை செய்கிறதே, ஏன்?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

வைஃபையைப் பரவலாக்கிய 802.11பி என்ற தரம் வந்ததே 1999-இல்தான். அதையொட்டி வந்த பாம், ஐபேக் வகைக் கருவிகள் பலவற்றில் வைஃபை கிடையாது; வேண்டுமென்றால் கார்டாக வாங்கிச் செருகிக்கொள்ள வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் தகவலை ஏற்றி இறக்குவது, நொடிக்கு அதிகபட்சம் 11 மெகாபிட் என்பதெல்லாம் கார்டின் பாடு. ஸ்லாட்டுக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும் பகுதியில் ஆன்டெனா இருக்கும். தகராறு ரேடியோவில் இல்லை, கார்டும் கணினியும் பேசிக்கொள்ளும் முறையில்தான் இருக்கிறது.

மெமரி கார்டு கேட்டால்தான் பேசும். 'இந்த இடத்தில் உள்ளதைக் கொடு' என்று கணினி கட்டளையிட்டால் கொடுக்கும், இல்லையென்றால் சும்மா கிடக்கும். வைஃபை அப்படியில்லை. ரூட்டரிடமிருந்து தகவல் பொட்டலம் (பாக்கெட்) எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. 11 மெகாபிட் வேகத்தில் 1500 பைட் பொட்டலம் ஒன்று காற்றில் வந்து சேர ஏறக்குறைய 1 மில்லிநொடிதான் ஆகும். எதையும் தவறவிடக் கூடாதென்றால் 'ஏதாவது வந்ததா, ஏதாவது வந்ததா' என்று செயலி நொடிக்கு ஆயிரம் தடவை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அப்புறம் அது எப்போது தூங்குவது, பேட்டரி எத்தனை நேரம் தாங்குவது?

எஸ்டி ஸ்லாட்டில் மெமரி அல்லாத கருவிகளையும் செருகுவதற்கான தரம் எஸ்டிஐஓ. இதற்கு அந்தத் தரத்தை வகுத்தவர்கள் கண்ட வழி எனக்கு ரொம்பப் பிடித்தமானது. எஸ்டி கார்டின் முதுகில் 9 தங்கநிறத் தொடுமுனைகள் இருக்கும். மின்சாரம், கடிகாரத் துடிப்பு, கட்டளை எல்லாம் போக, தகவலுக்கென்று 4 கம்பிகள். நிதானமாகப் பேசும்போது அதில் ஒன்றே போதும், மற்றவை வேலையில்லாமல் நிற்கும். அப்படி நிற்கும் 8-ஆவது முனையைப் பிடித்து அழைப்பு மணி ஆக்கிவிட்டார்கள். பொட்டலம் வந்ததும் கார்டு அந்தக் கம்பியின் மின்னழுத்தத்தைக் கீழே இழுக்கும். கணினி வந்து எடுத்து, 'சரி, பார்த்துவிட்டேன்' என்று சொல்லும்வரை விடாமல் இழுத்துப் பிடித்திருக்கும். அதுவரை செயலி நிம்மதியாகத் தூங்கலாம்.

நாலு கம்பியிலும் தகவல் ஓடும் வேகமான முறையில் என்ன செய்வது? அங்கேதான் சாமர்த்தியம். ஒரு தகவல் கட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் கிடைக்கும் இடைவெளியில் மட்டும் அதே 8-ஆவது முனை மணியாக மாறிக்கொள்ளும். தகவல் ஓடும்போது அதன் மேடு பள்ளத்துக்குத் தகவல் என்று பொருள். ஓடாதபோது 'என்னைக் கவனி' என்று பொருள். புதிதாக ஒரு முனைகூடச் சேர்க்காமல் காரியம் முடிந்தது.

இப்போது வாசகரின் கேள்விக்கு வருவோம். வைஃபை கார்டு உள்ளே போனதும் கணினி 5-ஆம் எண் கட்டளையை அனுப்ப வேண்டும். மெமரி கார்டு அதற்குப் பதில் சொல்லாது, எஸ்டிஐஓ கார்டு மட்டுமே சொல்லும். மெமரியை மட்டும் மனத்தில் வைத்து எழுதிய மென்பொருளுக்கு அப்படியொரு கட்டளை இருப்பதே தெரியாது. அது மெமரி கார்டை எழுப்பும் கட்டளைகளை மட்டும் அனுப்பும். வைஃபை கார்டு அவற்றுக்கு வாய் திறக்காது. இரண்டும் ஒன்றையொன்று பார்க்காமலே இருந்துவிடும். சேதம் எதுவும் ஆகாது, தரத்திலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. ஸ்லாட் எஸ்டிக்கும் முந்தைய எம்எம்சி என்ற மெமரி கார்டு வகைக்கானதாக இருந்தால் கதை அதோடு முடிந்தது. அதில் 7 முனைகள்தான், மணி அடிக்க 8-ஆவதே கிடையாது.

கணினி கேட்டு, கார்டும் பதில் சொல்லிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். கார்டு தன் தயாரிப்பாளர் எண்ணையும் மாடல் எண்ணையும் காட்டும். அந்த எண்ணுக்குப் பொருந்தும் டிரைவர், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள், கணினியின் இயங்குதளத்துக்கென்றே எழுதப்பட்டிருக்க வேண்டும். பல பழைய கார்டுகள் செத்துக் கிடப்பது இந்த இடத்தில்தான். சிப் நன்றாக இருக்கிறது, ஆனால் அதனுடன் பேசும் முறை எழுதிய ஆவணம் யாரோ ஒருவரின் அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. விற்பனையை நிறுத்திய பொருளுக்கான ஆவணங்களைப் பொதுவில் வைக்க வேண்டும் என்று சட்டமே போடலாம் என்பது என் கட்சி. விற்காத பொருளில் காக்க என்ன ரகசியம் இருக்கிறது?

டிரைவரும் கிடைத்தால் அடுத்த முட்டுக்கட்டை பாதுகாப்பு. அந்தக் காலத்துக் கார்டுகள் பலவற்றுக்கு டபிள்யூ.இ.பி. என்ற பூட்டு மட்டுமே தெரியும். அதன் ஓட்டையை ஃப்ளூரர், மான்டின், ஷமீர் என்ற ஆய்வாளர்கள் மூவர் 2001-இலேயே வெளிச்சம் போட்டுக் காட்டிவிட்டார்கள். இந்த ஒரு கார்டுக்காக வீட்டு ரூட்டரை அந்தப் பூட்டுக்கு இறக்காதீர்கள்.

இவ்வளவுக்கும் மாற்று வழி ஒன்று உண்டு: சீரியல் போர்ட், அதாவது தகவலை ஒவ்வொரு பிட்டாக வரிசையில் அனுப்பும் பழைய இணைப்பு வாய். எஸ்டி ஸ்லாட்டைவிடப் பல தலைமுறை மூத்தது, ஆனால் அதில் அனுப்ப ஒரு கம்பி, வாங்க ஒரு கம்பி என்று தனித்தனியாக உண்டு. மறுமுனை எப்போது வேண்டுமானாலும் பேசலாம். பைட் வந்ததும் செயலியைத் தட்டி எழுப்பும் ஏற்பாடு ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. அதில் இஎஸ்பி8266 என்ற மலிவான வைஃபை சிப்பை மாட்டி, பழைய டயல்-அப் மோடம் போல நடிக்க வைக்கலாம். கையடக்கக் கணினி ஏதோ ஒரு எண்ணுக்கு போன் போடுவதாக நினைத்துக்கொள்ளும், சிப் அதை இணைய இணைப்பாக மாற்றிக் கொடுக்கும். டபிள்யூ.இ.பி.-க்குப் பின் வந்த வலுவான டபிள்யூ.பி.ஏ.2 பூட்டை சிப்பே திறந்துகொள்ளும் என்பதால் மேலே சொன்ன பாதுகாப்புத் தலைவலியும் இல்லை. வேகம் நொடிக்கு 115,200 பிட், அதாவது சுமார் 11 கிலோபைட். வெறும் எழுத்தைப் படிக்க இது தாராளம். இணைக்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள்: இந்தச் சிப் 3.3 வோல்ட்டில் ஓடுவது. உங்கள் கருவியின் சீரியல் போர்ட் ஆர்எஸ்-232 என்ற பழைய சீரியல் தரத்தின் கூடுதல் மின்னழுத்தத்தில் பேசினால், நடுவில் மேக்ஸ்3232 போன்ற மாற்றி ஒன்றை வைக்காமல் கம்பியைச் சேர்க்க வேண்டாம்.