பேச்சுக் கொடுத்தால் நின்றுவிடும் கால்கள்

கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிலிருந்து இயன்மருத்துவத்துக்கு (பிசியோதெரபி) வரும் முதியவர்கள் பெரும்பாலும் முழங்காலைத்தான் காட்டுவார்கள். நான் அவர்களுடன் வராந்தாவில் நடந்தபடியே, "இன்றைக்கு என்ன சமையல், அம்மா?" என்று கேட்பேன். சிலர் நடந்துகொண்டே பதில் சொல்வார்கள். சிலர் நின்று, யோசித்துச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த அடியை வைப்பார்கள். பேசுவதற்காக நடையை நிறுத்தும் முதியவர்கள் பின்னர் விழும் வாய்ப்பு அதிகம் என்று சுவீடன் ஆய்வாளர்கள் 1997இலேயே எழுதினார்கள்.

கண், உட்காது, தசைகளிலும் மூட்டுகளிலும் உள்ள உணர்நரம்புகள் ஆகிய மூன்றும் அனுப்பும் செய்திகளை ஓயாமல் ஒப்பிட்டுத்தான் மூளை நம்மை நிமிர்த்தி வைத்திருக்கிறது. இதில் பெரும்பங்கு சிறுமூளைக்கு. பருமனில் மூளையின் பத்தில் ஒரு பங்குதான். நரம்புக் கலங்களில் பாதிக்கு மேல் அங்கேதான் உள்ளன. இந்த வேலை தானாக நடக்கும்வரை நமக்கு அது தெரிவதில்லை. தளர்ந்தால் ஒவ்வோர் அடிக்கும் கவனம் செலவாகிறது. கதைக்க மிஞ்சுவதில்லை.

நீரிழிவால் பாதம் மரத்தவர்கள் கண்ணை நம்பியே நடக்கிறார்கள். முகம் கழுவக் கண்ணை மூடியதும் தள்ளாடினால், 'பிரஷர்' என்று நீங்களே முடிவுகட்டாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எனக்குக் கோபம் வருவது ஓர் இடத்தில்தான். "விழுந்துவிடுவீர்கள், நடக்காமல் ஓரிடத்தில் இருங்கள்" என்று பிள்ளைகள் டொரொன்டோவிலிருந்துகூடக் கட்டளையிடுகிறார்கள். அன்புதான், மறுக்கவில்லை. ஆனால் நாள் முழுவதும் கதிரையில் இருப்பவருக்குக் காலின் வலுவும் குறைகிறது, சமநிலையும் குறைகிறது. பிறகு உண்மையாகவே விழுகிறார்.

சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்கலாம். சுவரோரமாக, ஒரு காலின் குதி மற்றக் காலின் விரலைத் தொட நேர்கோட்டில் நடக்கலாம். பழகிய பின் நடந்தபடியே பேரப்பிள்ளைகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பார்க்கலாம். காலிமுகத்திடல் மாலை நடையில் துணைக்கு ஒருவர் இருந்தால் பேச்சு தானாகவே வரும். ஏற்கெனவே விழுந்தவர்கள் இவற்றைத் தனியே தொடங்க வேண்டாம்.

ஒற்றைக்காலில் நின்றால் மறதிநோய் வராது என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள். 51 முதல் 75 வயதுக்குட்பட்டவர்களிடம் நடந்து 2022இல் வெளியான ஓர் ஆய்வில், 10 விநாடி அப்படி நிற்க முடியாதவர்களிடையே அடுத்த ஆண்டுகளில் இறப்பு அதிகமாக இருந்தது. அது உடல்நிலையைக் காட்டும் ஓர் அறிகுறி. நின்று பழகினால் ஆயுள் கூடும் என்று அதற்குப் பொருள் இல்லை.

திடீரென்று தள்ளாட்டம் வந்து, வாய் கோணினாலோ பேச்சுக் குழறினாலோ, பயிற்சியும் வேண்டாம், என்னிடம் வரவும் வேண்டாம். உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்.